ஓட்டுநர் இதயமும் நடத்துநர் இதயமும்



சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் பேருந்தில் ஏறியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருவர் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் ஒரே வெயில், ஒரே புழுதி, ஒரே தேநீர்க் கடை. ஆனால் ஒருவர் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் நின்றும் நடந்தும் ஏறியும் இறங்கியும் பயணச்சீட்டுக் கொடுக்கிறார். இவ்விருவரில் யாருடைய இதயம் நீண்ட நாள் நலமாக இருக்கும்?

விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வியை ஒரு மருத்துவர் மெய்யாகவே எழுப்பினார். இதய நோயைத் தடுப்பது பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் ஒரு பெரும் பகுதி அங்கிருந்துதான் கிளை விட்டது. அதைக் காணுமுன், இந்த ஆராய்ச்சி நமக்கு ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 79 லட்சம் மக்கள் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. உலகில் நிகழ்ந்த இறப்புகளில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசிய மக்களுக்கு 53. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. நமக்கு ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. 53 என்பது முதுமை அன்று. உங்கள் தந்தையார் இன்னும் சில ஆண்டுகளில் அடையப்போகும் வயது. ஆகவே இந்தக் கட்டுரை தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டியது அன்று.

ஒரு வாட் எந்திரம்

இதயம் ஒரு பம்பு. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. 70-ஐ 70-ஆல் பெருக்கினால் நிமிடத்திற்கு 4,900 மி.லி., அதாவது ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு நாளைக்கு 1,440 நிமிடங்கள். எனவே ஒரு நாளில் ஏறத்தாழ 7,000 லிட்டர்! வீட்டு மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டிகள் பதினான்கை நிரப்பும் அளவு இது. உடலில் இருப்பதோ ஐந்து லிட்டர் இரத்தம்தான். அதுவே மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது.

இதற்கு எவ்வளவு திறன் தேவை? இரத்தத்தின் சராசரி அழுத்தத்தை 100 மி.மீ. பாதரசம் எனக் கொள்வோம். இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 13,300 நியூட்டன். அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் வேலை கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். 7,000 லிட்டர் என்பது 7 கன மீட்டர். ஆகவே ஒரு நாள் வேலை 13,300 × 7 = 93,100 ஜூல். இதை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் ஒரு வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது.

அறையில் எரியும் சிறிய இரவு விளக்கின் அளவே திறன். ஆனால் அந்தப் பம்பு எழுபது ஆண்டுகளில் 250 கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. பழுது பார்க்க ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. நம் ஊர்க் கிணற்று மோட்டாருக்குக்கூட இத்தகைய வேலை இல்லை.

பம்புக்கும் எரிபொருள் வேண்டும் அல்லவா? இதயத்தின் அறைகளில் இரத்தம் நிறைந்திருந்தாலும், இதயத் தசை அதிலிருந்து நேராக உணவு எடுத்துக்கொள்வதில்லை. இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்துள்ள இதயத் தமனிகள் என்னும் தனிக் குழாய்கள் வழியாகவே அதற்கு உயிர்வளி வந்து சேருகிறது. இவற்றின் விட்டம் சில மில்லிமீட்டர்தான். நம் கதையின் ஆபத்து இந்தக் குழாய்களில்தான் இருக்கிறது.

குழாயின் ஆரம்

நம் வட்டாரத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடின நீர். பழைய இரும்புக் குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே உப்புப் படிந்து துவாரம் குறுகியிருப்பதைக் காணலாம். துவாரத்தின் ஆரம் பாதியாகக் குறைந்தால் நீரோட்டமும் பாதியாகக் குறையும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மை அதுவன்று.

பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த புவாசெய்ல் என்பவர் மருத்துவரும் இயற்பியல் அறிஞருமாவார். 1828-இல் இவர் பாதரசக் குழாயைக் கொண்டு தமனியின் அழுத்தத்தை அளந்தார். பின்னர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீர்மங்கள் பாய்வதை ஆராய்ந்து ஒரு விதியைக் கண்டார். மற்றவை மாறாதபோது, ஒரு குழாயின் வழியே சீராகப் பாயும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்! ஆரம் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தால்கூட 0.8-இன் நான்காம் அடுக்கு, அதாவது 0.41 பங்கு ஓட்டமே மிஞ்சும். சிறு படிவு, பெரு நட்டம்.

ஆனால் உடலை வெறும் இரும்புக் குழாயாக எண்ணிவிடக் கூடாது. இரண்டு வேறுபாடுகளைக் கவனியுங்கள்.

முதலாவது, தமனி உயிருள்ள குழாய். ஓரிடம் குறுகினால் அதற்கப்பால் உள்ள நுண்குழாய்கள் விரிந்து கொடுத்து ஈடு செய்கின்றன. எனவே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நெடுங்காலம் ஒன்றுமே தெரியாது. படியேறும்போதும் சுமை தூக்கும்போதும் இதயத்திற்கு மிகுதியான இரத்தம் தேவைப்படும்போதுதான் நெஞ்சு இறுகி வலிக்கும். 'எனக்கு ஒரு தொல்லையும் இல்லை' என்பது 'எனக்கு நோய் இல்லை' என்பதற்குச் சமம் அன்று.

இரண்டாவது, உப்பு குழாயின் உட்பரப்பின் மேல் படிகிறது. தமனியிலோ கொழுப்புப் பொருள் சுவரின் உட்தோலுக்கு அடியில், சுவருக்குள்ளேயே சேருகிறது. அங்கே வீக்கம் உண்டாகிறது. ஒரு நாள் அதை மூடியிருக்கும் மெல்லிய தோல் கிழிந்தால், காயம் பட்ட இடத்தில் இரத்தம் உறைவதுபோல அங்கும் உறைகிறது. அந்த உறைகட்டி குழாயை முற்றிலும் அடைத்துக்கொள்கிறது. இதுவே பெரும்பாலான மாரடைப்புகளின் காரணம். பாதிகூடக் குறுகாத குழாயிலும் இது நிகழலாம். நேற்றுவரை வயலில் வேலை செய்தவர் இன்று திடீரெனச் சாய்ந்துவிடுவது இதனால்தான்.

இந்தப் படிவு எந்த வயதில் தொடங்குகிறது? கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருடைய இதயத் தமனிகளில் ஏதோ ஓர் அளவில் நோயின் அடையாளம் இருந்தது. மருத்துவ உலகம் திடுக்கிட்டது. ஐம்பதில் வரும் மாரடைப்புக்கு இருபதுக்கு முன்பே விதை விழுந்துவிடுகிறது. எனவேதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் பெற்றோருக்கு மட்டும் அன்று.

லண்டன் பேருந்துகளில்

அதே 1953-ஆம் ஆண்டில்தான் நாம் தொடங்கிய கேள்விக்கும் விடை வந்தது. ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 31,000 பேரின் உடல்நலக் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். லண்டன் பேருந்துகள் பல இரண்டு அடுக்கு உடையவை. ஓட்டுநர் தம் பணி நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். முடிவு என்ன? இதயத் தமனி நோய் நடத்துநரைவிட ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதியாக வந்தது.

ஒரு முடிவு கிடைத்ததும் நல்ல அறிவியலார் கைதட்டிவிட்டுப் போய்விடுவதில்லை. தம்மையே குறுக்குக் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். 'ஓட்டுநர் வேலைக்கு வருகிறவர்கள் தொடக்கத்திலிருந்தே வேறு வகை மனிதர்களாக இருந்தால்?' இதைச் சோதிக்க மாரிஸ் குழுவினர் எதை எடுத்தார்கள் தெரியுமா? சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேட்டை! இளவயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது என்று 1956-இல் அவர்களே வெளியிட்டார்கள். தம் முடிவைத் தளர்த்தக்கூடிய செய்தி என்று அதை மறைக்கவில்லை. பின்னர், ஒல்லியானவரை ஒல்லியானவரோடும் பருத்தவரைப் பருத்தவரோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தெருத்தெருவாக நடந்த தபால்காரர்களையும், அதே துறையில் மேசையருகே அமர்ந்து பணிபுரிந்தவர்களையும் ஒப்பிட்டபோதும் நடந்தவர்கள் பக்கமே நன்மை இருந்தது.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோகிராம் எடையுள்ள நடத்துநர், 20 சென்டிமீட்டர் உயரமுள்ள 600 படிகள் ஏறுகிறார். மொத்த உயரம் 120 மீட்டர். வேலை 60 × 10 × 120 = 72,000 ஜூல். தசைகளின் பயனுறுதிறன் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். எனவே உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 3 லட்சம் ஜூல், அதாவது 70 முதல் 85 கிலோகலோரி. ஒரு கோழிமுட்டை தரும் ஆற்றலும் இவ்வளவுதான்! ஒரு முட்டையளவு ஆற்றலைச் செலவிட்டதா அவர்களைக் காத்தது? அதனால் மட்டும் இருக்க முடியாது. உடலுழைப்பு தசைகளை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எளிதில் எடுத்துக்கொள்ளச் செய்கிறது; இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது; தமனிகளின் உட்தோலை நலமாக வைக்கிறது. கலோரிக் கணக்கில் சிறிதாகத் தெரிவது உடலின் கணக்கில் பெரிது. மாரிஸ் தாமும் உடற்பயிற்சியை விடாது செய்து, 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.

ஒன்பது காரணிகள்

அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்னும் ஊரில் 1948-இல் மற்றோர் ஆய்வு தொடங்கியது. 5,209 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவை மாரடைப்பின் முன்னோடிகள் என்பது அதனால் தெளிவாயிற்று. 'ஆபத்துக் காரணி' என்ற கருத்தையே மருத்துவத்தில் பரப்பியது அந்த ஊர்தான்.

அது ஓர் ஊரின் செய்தி, இந்தியருக்கும் பொருந்துமா? இக்கேள்விக்கு விடை கண்ட குழுவின் தலைவர், கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுப். 52 நாடுகளில் நடந்த அந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. புகைத்தல், இரத்தக் கொழுப்புகளின் சமனின்மை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன நெருக்கடி, காய்கனிகளைக் குறைவாக உண்ணுதல், உடலுழைப்பின்மை, மது தொடர்பான பழக்கம் ஆகிய ஒன்பதும் சேர்ந்தே முதல் மாரடைப்பு ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் காரணம் என்று அது காட்டியது. எல்லாக் கண்டங்களிலும் இவையே. 'தலையெழுத்து' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நம் கையெழுத்தே! குடும்ப வழியாக வரும் ஆபத்தும் உண்டு. அதை மாற்ற இயலாது. ஆனால் அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர்தாம் மற்ற ஒன்பதையும் மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு

இனி இக்காரணிகளை நம் சமவெளியில் வைத்துப் பார்ப்போம்.

நாமக்கல்லில் கட்டப்படும் லாரிகளும், சங்ககிரியிலிருந்து புறப்படும் லாரிகளும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளும் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. உங்களில் சிலருடைய தந்தையரோ மாமாவோ சித்தப்பாவோ அவற்றை ஓட்டிக்கொண்டிருக்கலாம். நாள் முழுதும் இருக்கை, இரவு விழிப்பு, வேளை தவறிய உணவு, தூக்கத்தை விரட்டப் பீடியும் தேநீரும். ஒன்பது காரணிகளில் எத்தனை ஒரே இருக்கையில் ஏறிக்கொள்கின்றன, பாருங்கள்! இது அவர்களுடைய குறை அன்று; தொழிலின் இயல்பு. ஆனால் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நடப்பது, பீடியை விடுவது, ஊருக்கு வந்ததும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் அவர்களால் இயலும். எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அப்பாக்கள் மருத்துவர் சொல்லைவிட மகள், மகன் சொல்லுக்குச் செவி சாய்ப்பதுண்டு.

பீடியைப் பற்றி ஒரு சொல். சிகரெட்டைவிடப் பீடி தீங்கு குறைந்தது என்பது தவறு. இரண்டின் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் பற்றுடன் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. நிகோட்டின் குழாய்களைச் சுருக்குகிறது, துடிப்பை விரைவுபடுத்துகிறது. பம்புக்கு வேலை கூடும்போதே எரிபொருள் குறைகிறது. நல்ல செய்தியும் உண்டு: புகைப்பதை நிறுத்தி ஓராண்டு ஆனால், அதனால் ஏற்பட்டிருந்த கூடுதல் இதய ஆபத்து ஏறத்தாழ பாதியாகிவிடும்.

அடுத்து முட்டை. நாமக்கல்லைச் சொன்னால் முட்டையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 180 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அதனால் முட்டையே இதயத்தின் பகைவன் என்று ஒரு காலத்தில் அஞ்சினார்கள். ஆனால் நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே, முக்கியமாகக் கல்லீரல், உருவாக்குகிறது. உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பும் மாறுபக்கக் கொழுப்பும்தான் இரத்தக் கொலஸ்ட்ராலை மிகுதியாக உயர்த்துகின்றன. நலமுள்ள ஒருவர் நாள் ஒரு முட்டை உண்பதால் மாரடைப்பு ஆபத்துக் கூடுவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. சத்துணவில் வரும் முட்டையை அஞ்சாமல் உண்ணுங்கள். நீரிழிவோ உயர் கொலஸ்ட்ராலோ உடைய பெரியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

முட்டையைக் குறை சொல்வோர் எண்ணெய்ச் சட்டியை மறந்துவிடுகிறார்கள். சேலத்துத் தட்டுவடை செட்டில் நடுவே வைக்கும் கேரட்டும் பீட்ரூட்டும் நல்லவை. மேலும் கீழும் உள்ள தட்டுவடை எத்தனை முறை காய்ந்த எண்ணெயில் வெந்தது என்பதே கேள்வி. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து கேடான பொருள்கள் உண்டாகின்றன. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் மாறுபக்கக் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. சட்டம் தொழிற்சாலை வரை வரும். நம் வீட்டுச் சட்டி வரை நாம்தான் வர வேண்டும்.

ஜவ்வரிசி நம் ஊரின் பெருமை. ஆயினும் அது ஏறத்தாழ முழுவதும் மாவுப்பொருளே. வெள்ளை அரிசியும் ஜவ்வரிசியும் குவிந்த தட்டில் கீரைக்கும் அவரைக்கும் பயறுக்கும் இடம் விடுங்கள். இராகிக் களியும் கம்பங்கூழும் கொல்லிமலைச் சாமையும் நம் பாட்டிமார் வேண்டாம் என்று ஒதுக்கியவை அல்ல, நாம் ஒதுக்கியவை.

எண்ணிக்கையில் தெரியும் பகைவன்

1733-இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தியதாக எழுதினார். இரத்தம் குழாயில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது! மனித இரத்த அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் என்றால், பாதரசத்தின் ஒப்படர்த்தி 13.6 ஆதலால், 120 × 13.6 = 1,632 மி.மீ. நீர்க்கம்பத்திற்குச் சமம். நம் ஆளுயரம்! இந்த அழுத்தம் ஓய்வாக இருக்கும்போதே எப்போதும் 140-க்கு மேலோ, கீழ் எண் 90-க்கு மேலோ இருந்தால் அது உயர் அழுத்தம். வலி இராது, காய்ச்சல் இராது. கருவியின் எண்ணைத் தவிர அதற்கு வேறு முகம் இல்லை.

உப்பு இதற்கு உரமிடுகிறது. சோடியம் உடலில் நீரைத் தேக்கிவைக்கிறது. குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. பெரியவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழம்பில் போட்டதோடு ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தின்பண்டங்களில் உள்ளதும் இதில் அடங்கும்.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இத்திட்டத்தில் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்தும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தாத்தா நழுவினால், கையைப் பிடித்து அமர்த்துங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நாள்தோறும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாடுங்கள். அல்லது மிதிவண்டி ஓட்டுங்கள், விரைந்து நடங்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளோருக்கு இதுவே அளவு. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது வேண்டும். 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளைத் தொடங்கியது. பாதை இல்லாத சிற்றூரில் ஏரிக்கரையே பாதை.

2. முதல் பீடி, முதல் சிகரெட், முதல் புகையிலைப் பொட்டலம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். விடுவதைவிடத் தொடாதிருப்பது எளிது.

3. பழம், காய், கீரை ஒவ்வொரு நாளும் தட்டில் இருக்கட்டும். குளிர்பானத்துக்குப் பதில் நீர்மோர்; உப்பு குறைவாக.

4. நன்றாகத் தூங்குங்கள். கைப்பேசியின் வெளிச்சம் உறக்கத்தைத் தள்ளிப்போடும்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பள்ளி மாடிப்படியை இருமுறை ஏறி இறங்கி மீண்டும் எண்ணுங்கள். பழைய எண்ணுக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். இரண்டு மாதம் நாள்தோறும் ஓடியபின் இதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள். பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பில் மிகுதியான இரத்தத்தைத் தள்ளும். எனவே குறைவாகத் துடித்தாலே போதும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யக்கூடாது.

நிமிடங்களின் மதிப்பு

தடுப்பையும் மீறி நோய் வரலாம். நடு நெஞ்சில் அழுத்துவதுபோன்ற வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் ஆகியவை அடையாளங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலி தெளிவாக இல்லாமலே வரலாம். 'வாயுத் தொல்லை' என்று சோடா குடித்து விடியும்வரை காத்திருப்பதால்தான் பல உயிர்கள் போகின்றன. உறைகட்டி அடைத்த நிமிடத்திலிருந்து இதயத் தசை சிறிது சிறிதாக இறக்கத் தொடங்குகிறது. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் தவணை மருந்து கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையம் எது என்று இன்றே கேட்டு, வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. பயிற்சியால் ஒருவருடைய ஓய்வு நாடி 74-லிருந்து 66-ஆகக் குறைந்தது. ஒரு நாளில் எத்தனை துடிப்புகள் குறையும்?

2. இரத்த அழுத்தம் 160 மி.மீ. பாதரசம் எனில், அதற்குச் சமமான நீர்க்கம்பத்தின் உயரம் என்ன?

3. ஒரு குழாயின் ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், புவாசெய்ல் விதிப்படி எவ்வளவு ஓட்டம் மிஞ்சும்?

விடைகள்: 1. 11,520 துடிப்புகள். 2. 2,176 மி.மீ., அதாவது ஏறத்தாழ 2.2 மீட்டர். 3. ஏறத்தாழ 0.66 பங்கு, மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் குறைந்துவிடும்.